மார்க்கா, நீட்டா, ஒரு வருடம் காத்திருப்பதா? சேலத்துப் பிள்ளைக்குக் கால்நடை மருத்துவத்துக்கான வழிகள்

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மகள் ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி வாழப்பாடி வந்து சேர்ந்தாள். நாகலூர்ப் பக்கம் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, நாலு மாடு. இந்த ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு. கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒன்பதாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு நோட்டுத் தாளை நீட்டினாள்.

"மாமா, இதுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

நாலு வரி எழுதியிருந்தாள். ஒன்று, இருக்கிற ஸ்கூல்லயே படித்து மார்க் வாங்குவது. இரண்டு, சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நீட் கோச்சிங். மூன்று, கிடைக்காவிட்டால் ஒரு வருடம் டிராப். நாலு, வெளிமாநிலத்தில் பிரைவேட் காலேஜ். அதற்கும் கீழே, வேறு பேனாவில், அக்காவின் கையெழுத்து: "அக்ரி போதாதா?"

பதினெட்டு வருடமாக இந்தப் பக்கம் ஆடு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கதவு எங்கே இருக்கிறது

பலர் இன்னும் குழப்பிக்கொள்வது இங்கேதான். டாக்டர் படிப்பு என்றாலே நீட் என்று மனதில் பதிந்துவிட்டது. எம்.பி.பி.எஸ்ஸுக்கு அது சரி. தமிழ்நாட்டில் பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு இடங்களில் நூற்றுக்கு 85 மாநில ஒதுக்கீடு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்த இடங்களை ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து நிரப்புகிறது. மீதி 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்குத்தான் நீட் மார்க். அந்த கவுன்சலிங்கை நடத்துவது இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமம், அதற்கு விண்ணப்பமும் தனி. நான் சேர்ந்த காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-08 சேர்க்கையிலிருந்து அது போய்விட்டது. அதனால் எங்கள் காலத்து அண்ணன்மார் சொல்லும் அறிவுரை இன்றைக்குப் பாதி செல்லாது. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் கணக்கு 200-க்கு. உயிரியல் நூறு அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு ஐம்பதாகச் சுருங்கிவிடும். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் பாடமாகப் படித்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து நூறு. தமிழ், ஆங்கிலம், கணக்கு எதுவும் இந்தக் கணக்கில் வராது. பாஸாகியிருந்தால் போதும்.

அவளுடைய பதினொன்றாம் வகுப்பு மார்க்கைத் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். உயிரியல் 91, இயற்பியல் 78, வேதியியல் 84. அதாவது 91, 39, 42. மொத்தம் 172. "இப்ப இயற்பியல்ல அஞ்சு மார்க் கூட வாங்கினா எவ்வளவு ஏறும்?" என்றேன். இரண்டரை. உயிரியலில் அதே அஞ்சு வாங்கினால் அஞ்சும் அப்படியே ஏறும். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடை முழுக்க அவள் படித்தது இயற்பியல்.

நீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மொத்தம் 180 கேள்வி, அதில் 90 உயிரியல். 720 மார்க்கில் 360 அதற்கே. ஆக இரண்டு கதவுக்கும் பாதிச் சாவி ஒன்றுதான். பொதுப்பிரிவில் 190-ஐத் தாண்டிய இடத்தில்தான் நெரிசல் ஆரம்பிக்கிறது. அங்கே அரை மார்க் என்பது வரிசையில் ஒரு பெரிய கூட்டம். உங்கள் சமூகப் பிரிவில் போன வருடம் கடைசியாக யாருக்குக் கிடைத்தது என்பதைப் பார்த்து இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பையனின் மார்க் உங்களுக்கு அளவுகோல் இல்லை.

பள்ளிக்கூடமும் கோச்சிங்கும்

சேலத்தில் ஒரு கோச்சிங் சென்டருக்கு அவள் அப்பாவும் அவளும் ஏற்கெனவே போய் விசாரித்திருக்கிறார்கள். ஹாஸ்டலோடு சேர்த்துக் கேட்ட தொகை, அவர்கள் தோட்டத்தின் ஒரு வருட மிளகு. அதை விடுங்கள், நல்ல படிப்புக்குச் செலவழிப்பது தப்பில்லை. எனக்கு உறுத்தியது வேறு. "ஸ்கூலுக்கு வாரத்துல ரெண்டு நாள் போனா போதும், நாங்க பேசிக்கறோம்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியல் பாடம் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது, கோச்சிங் சென்டரில் இல்லை. ஒழுங்காக வருகிற பிள்ளைக்கு அது கைக்கு வந்த மார்க். வாரத்தில் இரண்டு நாள் தலையைக் காட்டுகிறவளுக்கு எந்த வாத்தியார் முழுசாகப் போடுவார்? போட்டாலும், தவளையின் படத்தைப் பார்த்து மட்டுமே பாகம் குறித்தவளுக்கும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தவளுக்கும் கல்லூரி முதல் வருடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எம்.பி.பி.எஸ். கிடைத்தால் அது, இல்லையென்றால் இது என்று நினைக்கிற பிள்ளைக்குக் கோச்சிங் பொருந்தும். அந்தப் பிள்ளைக்கு நீட்தான் முதல் தேர்வு. கால்நடை மருத்துவம் மட்டும்தான் வேண்டும் என்பவளுக்கு 15 சதவீத இடத்துக்காக 85 சதவீத இடத்தின் மார்க்கைப் பணயம் வைப்பது, என் கணக்குக்கு, ஆகாத வேலை.

அதற்காக நீட் எழுதவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுதட்டும். தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிறு. ப்ளஸ் டூ மார்ச்சில் முடிந்துவிடும், நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. தமிழிலேயே எழுதலாம். தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும் என்பதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும், பள்ளித் தேர்வில் அந்தப் பழக்கம் கிடையாது. நீட்டுக்கான விண்ணப்பம் ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். மார்க் வந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் அந்த வருடம் அவ்வளவுதான். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் சேர்க்கை நீட் மார்க்கில்தான்.

அவளுக்கு நான் வகுத்துக் கொடுத்தது இப்படி. டிசம்பர் வரை பாடப் புத்தகம்தான். உயிரியல் மட்டும் என்.சி.ஈ.ஆர்.டி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே பாடத்தை இரண்டிலும் வாசிப்பது. ஞாயிறு காலை ஒரு பழைய நீட் வினாத்தாள், கடிகாரம் வைத்து. ஜனவரியிலிருந்து நீட்டை மூட்டை கட்டிவிட்டு செய்முறை, மாதிரித் தேர்வு. மார்ச் கடைசியில் மூட்டையைப் பிரித்தால் போதும்.

பத்து நாள்

இதற்கிடையில் அவளிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். தாளில் இருக்கிற நாலு வரிக்கும் முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பத்து நாள் என்னோடு கால்நடை மருந்தகத்துக்கு வருவது. நாய்க்குட்டி பிடிக்கும் என்பதற்காக இந்தப் படிப்புக்கு வந்து இரண்டாம் வருடத்தில் அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் சினை ஊசி, சினைப் பரிசோதனை. தோள்பட்டை வரை பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் கையை விடுவதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். மூன்றாம் நாள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாம் நாள் "எவ்வளவு மாசம்னு விரல்ல எப்படித் தெரியுது மாமா?" என்று கேட்டாள். அது நல்ல கேள்வி.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். கிழங்கு பிடுங்கின காட்டில் ஆடுகளை ஓட்டியிருக்கிறார். வாடிக் கிடந்த மரவள்ளித் தழையை நாலு ஆடு தின்றிருக்கிறது. இந்தப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காக ஊரெல்லாம் மரவள்ளி, அறுவடை சீசனில் இது நாங்கள் பார்த்துச் சலித்த கேஸ். நாங்கள் போவதற்குள் இரண்டு முடிந்துவிட்டது. ஒன்று காலை நீட்டிப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சேலம் கருப்பு, நல்ல உயரமான ஆடு. வாயைத் திறந்து ஈறைக் காட்டினேன். செத்துக்கொண்டிருக்கிற ஆட்டின் ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும் என்று நினைத்திருப்பாள். பளிச்சென்று செக்கச் செவேலென்று இருந்தது.

"ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கு. உடம்பால அதை எடுத்துக்க முடியல. தழையில இருக்கற சயனைடு அங்கதான் பூட்டுப் போடுது" என்றேன். வேதியியலில் சயனைடு அயனி என்று படித்திருக்கிறாள், தரையில் கிடந்து கால் உதைக்கும் என்று படித்ததில்லை. சோடியம் நைட்ரைட், அப்புறம் சோடியம் தயோசல்பேட், இரண்டும் கழுத்து நரம்பில் மெதுவாக. ஊசி போகும்போது ஆட்டின் தலையை அவள் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். ஒரு கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. நாலாவது ஆடு கொஞ்சமாகத்தான் தின்றிருக்கிறது, அதுவும் தேறிவிட்டது.

திரும்பி வரும்போது பேசவே இல்லை. வாழப்பாடி வந்த பிறகு, "செத்த ரெண்டுக்கும் அவருக்குக் காசு வருமா மாமா?" என்று கேட்டாள். இன்ஷூரன்ஸ் போட்டிருந்தால் வரும், ஆட்டின் காதில் அடையாளத் தோடு இருக்க வேண்டும் என்றேன். அந்த ஆடுகளுக்கு இல்லை. இந்த வேலையில் பாதி இப்படித்தான். மருந்து ஒரு பக்கம், அந்த ஆளின் முகம் ஒரு பக்கம்.

அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். "பொட்டப் புள்ளைக்கு மாடு வைத்தியம் ஆகுமாடா? மாடு முட்டினா?" மாட்டை அடக்குவது பலத்தால் இல்லை, கயிற்றால். எந்தக் காலில் எந்த முடிச்சு என்று தெரிந்தால் நாற்பது கிலோ ஆளும் நானூறு கிலோ மாட்டைக் கட்டலாம். அதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொட்டப் புள்ளை என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. அக்கா வீட்டு நாலு மாட்டுக்கும் இருபது வருடமாகத் தீனி போட்டு, பால் கறந்து, பிரசவம் பார்ப்பது அக்காதான்.

மற்ற வரிகள்

டிராப் விஷயத்தில் எனக்கு ஊசலாட்டமே கிடையாது. காரணம் எளிது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பாஸான பாடத்தை மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளும் வழி இல்லை. ஒரு வருடம் உட்கார்ந்து படித்தாலும் 172 என்பது 172-தான். மாறக்கூடியது நீட் மார்க் மட்டும், அதாவது அந்த 15 சதவீதக் கதவு மட்டும். இதைச் சொல்லாமலேயே பல இடங்களில் "வெட்னரிக்கு ரிப்பீட்டர் பேட்ச்" என்று சேர்க்கிறார்கள். எம்.பி.பி.எஸ்ஸும் குறி என்றால் டிராப் பண்ணுங்கள், அது வேறு கணக்கு.

வெளிமாநில பிரைவேட் காலேஜ். ராஜஸ்தான் பக்கம் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. செலவு லட்சங்களில், அதுவும் ஐந்தரை வருடத்துக்கு. நான் பார்க்கச் சொல்வது முதலில் கட்டடத்தை இல்லை, அங்கீகாரத்தை. 1984-ம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் குற்றம். "அங்கீகாரம் வந்துகிட்டே இருக்கு" என்று ஏஜெண்டு சொன்னால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, மாடு வளர்ப்பவரிடம் நோய் விவரம் கேட்பது அந்த ஊர்ப் பாஷையில். இந்தி தெரியாமல் ராஜஸ்தான் கிராமத்தில் பயிற்சி எடுப்பது எவ்வளவு பிரயோசனம் என்பதையும் யோசிக்க வேண்டும். வீட்டில் பணமும் பிள்ளைக்குப் பிடிவாதமும் இருந்தால் அது ஒரு வழி. மிளகை நம்பியிருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அக்காவின் வரிக்கு வருகிறேன். பிள்ளைகள் இதை அம்மாக்களின் பயம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பியும் மிளகும் இருக்கிற வீட்டுக்கு தோட்டக்கலை நேராகப் பயன்படும் படிப்பு. ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாலு வருடத்தில் பட்டம், வங்கி விவசாய அதிகாரி வேலை வரைக்கும் வழி. கால்நடை மருத்துவத்துக்கு ஐந்தரை வருடம். ஒன்றரை வருட வித்தியாசம் ஒரு சின்னக் குடும்பத்துக்குச் சாதாரணம் இல்லை. ஆகவே வேளாண் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கட்டாயம் போடச் சொன்னேன், இரண்டாம் இடத்தில்.

கால்நடைப் பல்கலைக்கழகமே நடத்தும் பி.டெக். படிப்புகளும் உண்டு. ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பம், சென்னைக்கு அருகே கொடுவள்ளியில் உணவு, பால் தொழில்நுட்பம். நாமக்கல், பல்லடம் கோழிப் பண்ணைகள், பால் நிறுவனங்கள், தீவன ஆலைகள் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதை மருத்துவத்துக்கான பின்வாசல் என்று நினைத்துச் சேராதீர்கள். பி.டெக். முடித்தவர் ஒரு கோழிக்குக்கூட மருந்துச் சீட்டு எழுத முடியாது. எந்தப் படிப்புக்குக் கணக்குப் பாடம் வேண்டும், எதற்கு உயிரியல் வேண்டும் என்பதையும் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தலைவாசலா, நாமக்கல்லா, சென்னையா

மார்க் வந்துவிட்டது, வரிசையும் நல்ல இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு அரசுக் கல்லூரிகள்: சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. பாடத்திட்டம் ஒன்று, பட்டம் ஒன்று. நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. "எந்தக் காலேஜ் மாமா பெஸ்ட்?" என்ற கேள்விக்கு அதனால் பாதி அர்த்தம்தான்.

மீதி அர்த்தம் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போனது. நாட்டில் முதன்முதலாக ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் கொடுத்த கால்நடைக் கல்லூரி அது, 1936-ல். நாயும் பூனையும் அங்கே வருகிற அளவுக்கு வேறெங்கும் வராது. டவுனில் செல்லப்பிராணி கிளினிக் வைக்க வேண்டும், அறுவை சிகிச்சை கற்க வேண்டும் என்பவருக்கு அதுதான். நாமக்கல் 1985. சேலத்திலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம். மோகனூர் ரோட்டில் இறங்கினால் சுற்றிலும் முட்டைக் கோழிப் பண்ணைகள். கோழி நோய் என்றால் அங்கே பாடம் வாசலுக்கே வரும். நான் படித்தது அங்கே, ஆகவே என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

தலைவாசல் நம் மாவட்டம். ஆத்தூரைத் தாண்டி, உளுந்தூர்பேட்டை ரோட்டில். 2020 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த கால்நடை ஆராய்ச்சி வளாகத்தில் கல்லூரி. புதுக் கல்லூரிக்கே உரிய குறையும் நிறையும் உண்டு. பழைய மாணவர் கூட்டம் இன்னும் சிறியது, வேலைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட அண்ணன் அக்காமார் குறைவு. நிலமும் மாடும் ஆடும் தாராளம். ஆத்தூர், கல்வராயன் அடிவாரக் கிராமங்களின் ஆடு மாடுகளை எல்லாம் அங்கே பார்க்கலாம். பெரிய மாட்டு வைத்தியத்தில் கை பழக வேண்டும் என்பவருக்கு நல்ல இடம்.

"வீட்டுக்குப் பக்கம்" என்ற காரணத்துக்காக மட்டும் தலைவாசலை முதலில் போட வேண்டாம். ஹாஸ்டல் வாழ்க்கைதான். கால்நடைப் பண்ணை வகுப்பு இருக்கிற நாட்களில் விடியும் முன்பே கொட்டகையில் நிற்க வேண்டும், பால் கறப்பு உனக்காகக் காத்திருக்காது. தலைவாசலிலிருந்து ஏற்காடு போக மூன்று பஸ். நாமக்கல்லிலிருந்தும் கிட்டத்தட்ட அதே அலைச்சல்தான்.

"காட்டு விலங்கு டாக்டர்" ஆசை மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் காட்டெருமை வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் வேறெப்படி நினைப்பாள்? அதற்கும் இதே பட்டம்தான் முதல் படி, மேற்படிப்பில்தான் கிளை பிரியும். வேலை இடங்கள் ரொம்பக் குறைவு. மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவை ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொன்னேன், மாவட்டத்துக்கே அந்த மாதிரி இடம் அது ஒன்றுதான் என்பது புரியட்டும் என்று. மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரியில் இருக்கும் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பார்ப்பது அதைவிட உபயோகம். மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு ஏன் அத்தனை மவுசு என்று அங்கே கேட்டுவிட்டு வந்தால், பொருளாதாரம் என்கிற பாடமும் இந்தப் படிப்புக்குள் இருப்பது தெரியும்.

வேலையைப் பற்றி ரொம்ப அளக்க மாட்டேன். அரசு உதவி மருத்துவர் பணி டி.என்.பி.எஸ்.சி. வழி, அறிவிப்பு வருடம் தவறாமல் வராது. நடுவில் பண்ணை, மருந்துக் கம்பெனி, சொந்தக் கிளினிக். சும்மா உட்கார்ந்திருக்கும் கால்நடை மருத்துவரை நான் பார்த்ததில்லை.

சான்றிதழ்கள்

மார்க்கில் தோற்பதைவிட சான்றிதழில் தோற்பது வயிறெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-ம் வருடச் சட்டத்தால் கால்நடை மருத்துவத்துக்கும் வந்தது. அதில் சேருகிறவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. எங்கள் அக்கா மகள் எட்டாவது வரை மலைமேல் உதவி பெறும் பள்ளியில் படித்தவள், ஒன்பதாவதில்தான் அரசுப் பள்ளி. அவள் அப்பா இதுவரை அவளுக்கு 7.5 உண்டு என்றே நம்பிக்கொண்டிருந்தார். இதைச் சொன்ன அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கவுன்சலிங் அன்றைக்குத் தெரிவதைவிட இப்போதே தெரிந்தது நல்லது. இலக்கு எத்தனை என்பதே அதனால் மாறுகிறது. (ஆர்.டி.ஈ. என்கிற கல்வி உரிமைச் சட்டத் திட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அவள் அதிலும் வரவில்லை.)

அவள் வகுப்புத் தோழி ஒருத்தி மலையாளி சமூகம், கேரளக்காரர் இல்லை, இந்த மலைப் பழங்குடி. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான். விசாரணை, கள ஆய்வு என்று மாதங்கள் ஓடும். ரிசல்ட் வந்த பிறகு மனு போட்டால் கவுன்சலிங்குக்குள் கையில் இருக்காது. ஜூனிலேயே போடச் சொல்லி அவளிடம் சொல்லி அனுப்பினேன். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றும் இ-சேவையில் இப்போதே வாங்கி வைக்கலாம். கல்லூரியில் சேருகிற வருடத்து டிசம்பர் 31-ல் 17 வயது நிரம்புகிறதா என்பதை, சீக்கிரம் பள்ளியில் சேர்த்த பிள்ளைகள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டி இணையத்தில் திறக்கும். மருத்துவத்துக்குத் தனி, பி.டெக்.குக்குத் தனி. ஏற்காட்டில் மழை வந்தால் நெட் போய்விடும், கடைசி நாளுக்கு வைக்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினாள். மூன்றாம் தடவை சொல்லப்போனபோது, "மாமா, கீழ இறங்கி வந்து உங்க வீட்லயே போட்டுக்கறேன்" என்றாள்.

பதினோராம் நாள் காலை மலைக்குக் கிளம்பினாள். தாள் மேசையில் கிடந்தது. மூன்றாவது வரியும் நாலாவது வரியும் அடித்திருந்தன. இரண்டாவது வரியில் "கோச்சிங்" மட்டும் அடித்து, "ஞாயிறு" என்று எழுதியிருந்தாள். அக்காவின் வரிக்கு முன்னால் 2 என்று நம்பர். ஓரத்தில் பென்சிலால் கல்லூரி வரிசை: தலைவாசல், நாமக்கல், சென்னை. இவ்வளவு சொல்லியும் தலைவாசல்தான் முதலில். பஸ் ஸ்டாண்டில் ஏனென்று கேட்டேன்.

"பெரிய மாடு அங்கதான் மாமா. நாய் டாக்டர் ஆகறதுக்கு நான் எதுக்கு ஆட்டுத் தலையைப் பிடிக்கணும்?"

பஸ் கிளம்பிவிட்டது. வரிசையை நான் மாற்றவில்லை.